வீட்டுக்குள் புதுப்பிக்கப்படுதல்: கிறிஸ்தவக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குடும்ப ஜெபம், சோர்வு, நன்றி சொல்வது ஆகியவற்றைப் பற்றி வீடுகளில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். வேதாகமத்தை எடுத்துப் பார்க்க வசதியாக அதிகாரமும் வசன எண்ணும் அங்கங்கே கொடுத்திருக்கிறோம்.

ஆவிக்குரிய புதுப்பித்தல் என்றால் என்ன? உபவாசக் கூட்டம், எழுப்புதல் முகாம் என்று போனால்தான் கிடைக்குமா?

கூட்டங்களுக்குப் போவதில் ஒரு தவறும் இல்லை. மூன்று நாள் வீட்டு வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து வசனம் கேட்டால் மனசு லேசாகத்தான் செய்யும். சிக்கல் வீடு திரும்பிய மறுநாள் காலையில் ஆரம்பிக்கிறது. துவைக்க வேண்டிய துணி குவிந்து கிடக்கிறது, பையனுக்குக் காய்ச்சல், கணவனும் மனைவியும் பழைய தொனியிலேயே பேசிக்கொள்கிறார்கள். 'கூட்டத்தில் கிடைத்ததை இரண்டே நாளில் தொலைத்துவிட்டேனே' என்ற குற்ற உணர்வும் கூடவே வந்து ஒட்டிக்கொள்கிறது.

உள்ளான மனுஷன் நாளுக்குநாள் புதிதாக்கப்படுகிறான் என்று பவுல் எழுதுகிறார் (2 கொரிந்தியர் 4:16). வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து கிடைத்த உணவான மன்னாவும் அப்படித்தான் கிடைத்தது. அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்குப் பொறுக்க வேண்டும். மறுநாளுக்கு என்று மீத்து வைத்தது புழுத்து நாறியது (யாத்திராகமம் 16:20). ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரண்டு பங்கு. நாற்பது வருஷம் இதுவே வழக்கம். போன மாதத்துப் பரவசத்தை இந்த மாதமும் வைத்துச் சமாளிக்கப் பார்ப்பதுதான் நம்மில் பலருக்குப் பிரச்சினை.

கர்த்தருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவை என்ற வசனத்தைச் சுவர் நாட்காட்டியில் பார்த்திருப்பீர்கள். அது இருப்பது புலம்பல் புத்தகத்தின் நடுவில். எருசலேம் இடிந்து கிடக்க, பசியில் குழந்தைகள் தெருவில் மயங்கி விழுவதைப் பாடும் புத்தகம் அது. எல்லாம் சரியாக இருந்த ஒரு காலையில் யாரும் அதை எழுதவில்லை.

ஜெபிக்க உட்கார்ந்தாலே தூக்கம் வருகிறது. வேதத்தைத் திறக்கவும் மனசில்லை. என் விசுவாசம் குறைந்துவிட்டதா?

முதலில் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைப் படியுங்கள், தூங்கி எழுந்த பிறகு.

கர்மேல் பர்வதத்தில் அக்கினி இறங்கி, பெரிய வெற்றி கண்டவர் தீர்க்கதரிசி எலியா. ராணி யேசபேலிடமிருந்து கொலை மிரட்டல் வந்ததும் உயிருக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்து, 'போதும் கர்த்தாவே' என்று சாகக் கேட்டார். அந்த நேரத்தில் தேவன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை, விசுவாசம் எங்கே என்று கேட்கவும் இல்லை. தூங்க விட்டார். ஒரு தூதன் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி படுத்துக்கொண்டார். மறுபடி எழுப்பி, மறுபடி சாப்பாடு. 'நீ போகவேண்டிய தூரம் அதிகம்' என்பதுதான் தூதன் சொன்ன காரணம். அதற்கப்புறம்தான் ஓரேப் மலைக்கு நாற்பது நாள் நடை. 'எலியாவே, உனக்கு இங்கே என்ன காரியம்?' என்ற கேள்வியே அங்கே போன பிறகுதான் வருகிறது.

கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருப்பவர்கள், படுக்கையில் கிடக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்கள், இரவு வேலைக்குப் போய் வருபவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டால், பெரும்பாலும் நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்? உடம்பு கெஞ்சும்போது அதை ஆவிக்குரிய தோல்வி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வும் இதில் சேரும். 'இன்னும் நன்றாக ஜெபித்தால் சரியாகிவிடும்' என்று அவர்களிடம் சொல்வது, எலியாவை எழுப்பி உட்காரவைத்துப் பிரசங்கம் செய்வதற்குச் சமம்.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு. தனி ஜெபத்துக்கு அமைதியான நேரமே கிடைப்பதில்லை. என்ன செய்வது?

இயேசு அதிகாலையில், இருட்டோடே எழுந்து, வனாந்தரமான ஓர் இடத்துக்குப் போய் ஜெபம்பண்ணினார் என்று மாற்கு 1:35 சொல்கிறது. இந்த வசனத்தைக் காட்டி நமக்குக் குற்ற உணர்வு ஏற்படுத்தியவர்கள் உண்டு. அதற்கு அடுத்த இரண்டு வசனங்களையும் அவர்கள் சேர்த்து வாசித்திருக்கலாம். சீமோனும் மற்றவர்களும் பின்னாலேயே தேடிக்கொண்டு வந்து, 'உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்' என்கிறார்கள். கழிவறைக் கதவுக்கு வெளியே நின்று 'அம்மா, எங்கே இருக்கே?' என்று கேட்கும் பிள்ளையின் குரல்தான் அது.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லி சகோதரர்களின் தாய் சூசன்னா வெஸ்லி (1669–1742). பெற்றது பத்தொன்பது பிள்ளைகள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோனார்கள். வீட்டில் கடன் தொல்லை. 1709-இல் வீடே எரிந்தது. சமையலறையிலேயே மேலங்கியைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டு அவர் ஜெபிப்பார், அப்போது பிள்ளைகள் தொந்தரவு செய்யக் கூடாது என்பது வீட்டுச் சட்டம் என்று சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது, 1712-இல் கணவருக்கு எழுதிய கடிதத்தில் அவர் சொல்லும் இன்னொரு ஏற்பாடு. ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாகப் பேச, வாரத்தில் ஒரு மாலையை அவர் ஒதுக்கிவைத்தார். ஜானுக்கு வியாழக்கிழமை. வளர்ந்து பெரியவனான பிறகும் அந்த வியாழன் மாலையைத்தான் மகன் நினைத்துப் பார்த்தார்.

அமைதி கிடைத்த பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருந்தால் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விடுவார்கள். 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து கார்மேல் மடம் ஒன்றில் சமையலறை வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸ், பாத்திர ஓசைக்கு நடுவிலும் ஆலயத்தில் முழங்காலில் இருப்பதைப் போலவே தேவனோடு இருக்கப் பழகியவர். அவருக்குச் சமையலறை வேலை இயல்பாகவே பிடிக்காது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும். பிடிக்காத வேலைதான். அதற்குள்தான் பழகினார்.

நடைமுறைக்கு ஒரு யோசனை: ஏற்கெனவே தினமும் செய்யும் ஒரு வேலையோடு ஒரே ஒரு ஜெபத்தைக் கட்டிவிடுங்கள். துணி மடிக்கும்போது யாருடைய சட்டை கையில் வருகிறதோ அவருக்காக ஒரு வரி. மகளின் பள்ளிச் சீருடையில் மைக்கறை இருக்கும், அப்பாவின் சட்டையில் ஒரு பொத்தான் போயிருக்கும். என்ன ஜெபிப்பது என்று யோசிக்கவே வேண்டியிருக்காது.

குடும்ப ஜெபம் எவ்வளவு நேரம் நடக்க வேண்டும்?

கடைக்குட்டி நெளியாமல் உட்காரும் நேரம் வரை. ஐந்து நிமிடம் என்றால் ஐந்து நிமிடம்.

ஒரு பாட்டு, நாலைந்து வசனம், ஆளுக்கு ஒரு வரி ஜெபம், அவ்வளவுதான். அப்பா உலகத்திலுள்ள எல்லா மிஷனரிகளுக்காகவும் இருபது நிமிடம் ஜெபிக்க, பிள்ளைகள் ஒரு கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்க்கும் வீடுகளில், பதினைந்து வயதானதும் பிள்ளைகள் படிப்பைக் காரணம் காட்டி நழுவிவிடுகிறார்கள். உபாகமம் 6:7-ஐப் பாருங்கள். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழும்போது தேவனுடைய வார்த்தைகளைப் பற்றிப் பேசச் சொல்கிறது. முறையாக உட்கார்ந்து செய்வது ஒரு பங்குதான். மீதி எல்லாம் வண்டியிலும் வாசற்படியிலும் நடக்கும் பேச்சு.

பிள்ளைகளுக்கு நன்றி சொல்லும் பழக்கத்தை எப்படிக் கொண்டுவருவது? 'தேங்க்ஸ் சொல்லு' என்று அதட்டினால் சொல்கிறார்கள், மனசிலிருந்து வருவதில்லை.

அதட்டிச் சொல்லவைப்பது மரியாதைப் பயிற்சி. அதுவும் வேண்டியதுதான். நன்றி அதிலிருந்து தானாக முளைக்காது.

'நேற்று ராத்திரி முதல் இதுவரை காத்து வந்த கிருபைக்காக ஸ்தோத்திரம்' என்று தினமும் ஒரே வாக்கியத்தை ஒப்பிப்பதை நிறுத்திவிட்டு, இன்றைக்கு நடந்த ஒன்றைப் பெயர் சொல்லிச் சொல்லச் சொல்லுங்கள். ஏழு வயதுப் பையன் 'இன்னைக்கு என் பென்சில் தொலையல' என்பான். சிரிக்காதீர்கள், திருத்தாதீர்கள். தன்னுடைய அந்த நாளுக்குள்ளே போய் அவனே தேடி எடுத்துக்கொண்டு வந்தது அது. சங்கீதம் 136-இன் 26 வசனங்களும் 'அவர் கிருபை என்றுமுள்ளது' என்றே முடிகின்றன. முன்பாதியோ ஒவ்வொன்றிலும் வேறு: சூரியன், சந்திரன், பிளந்த சமுத்திரம், தோற்ற ராஜாக்களின் பெயர்கள், கடைசியில் மாம்சமான யாவுக்கும் ஆகாரம். பல்லவி ஒன்றாக இருக்கலாம், காரணம் புதிதாக இருக்க வேண்டும்.

பிறகு, பெரியவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் கேட்க வேண்டும். இஸ்ரவேலர் யோர்தான் நதியைக் கடந்ததும் பன்னிரண்டு கற்களை எடுத்து நாட்டச் சொன்னதன் நோக்கமே, 'இந்தக் கற்கள் ஏதென்று' பிள்ளைகள் பின்னாளில் கேட்பார்கள், அப்போது கதையைச் சொல்ல வேண்டும் என்பதுதான் (யோசுவா 4). உங்கள் வீட்டுக்கும் அப்படிக் கதைகள் இருக்கும். வேலை போன வருஷம் யார் அரிசி மூட்டையோடு வந்து நின்றார்கள், அறுவை சிகிச்சை அன்று இரவு யார் கூடவே இருந்தார்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியிருக்கிறீர்களா?

கடவுளுக்கு மணிக்கணக்கில் ஸ்தோத்திரம் சொல்லும் என் வீட்டுக்காரர் எனக்கு ஒருநாளும் நன்றி சொன்னதில்லை.

இந்தக் கேள்வியை எழுதுபவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்கு ஆறுதல் சொல்வதைவிட அவர்களுடைய கணவர்களிடம் பேசுவதுதான் நியாயம்.

அண்ணே, பவுலின் கடிதங்களைப் பாருங்கள். ரோமர், 1 கொரிந்தியர், பிலிப்பியர், கொலோசெயர் என்று பல கடிதங்கள் அந்த மக்களுக்காக தேவனுக்கு நன்றி சொல்லித்தான் தொடங்குகின்றன. அதைத் தனியாக ஜெபத்தில் சொல்லிவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை, 'உங்களுக்காக நன்றி சொல்கிறேன்' என்று அவர்களுக்கே எழுதினார். கொரிந்து சபையில் கட்சிச் சண்டை, வழக்கு, ஒழுக்கக்கேடு எல்லாம் இருந்தது, அவர்களுக்கும் நன்றி சொல்லிவிட்டுத்தான் கண்டிக்க ஆரம்பித்தார். கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில்தான் அதைத் தாண்டிக்கொண்டு நேராகக் கண்டனத்துக்குப் போகிறார். அவ்வளவு கோபம். உங்கள் மனைவியோடு நீங்கள் பேசுவது எல்லா நாளும் கலாத்தியர் கடிதம் மாதிரி இருக்க வேண்டாம்.

நன்றியும் குறிப்பாக இருக்கட்டும். 'எல்லாத்துக்கும் நன்றி' என்பது பிறந்தநாள் அட்டைக்குத்தான் சரி. 'அப்பாவை ஆஸ்பத்திரிக்கு நீதானே மூணு தடவை கூட்டிட்டுப் போனே, நான் கவனிக்காம இல்ல' என்று சொல்லிப் பாருங்கள்.

குடும்பத்தில் ஒரு மரணம். எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்யுங்கள் என்கிறார்கள். என்னால் முடியவில்லை.

முடியாவிட்டால் இப்போது சொல்ல வேண்டாம்.

1 தெசலோனிக்கேயர் 5:18-ஐத் துக்க வீட்டில் சொல்பவர்கள், 'அழுகிறவர்களுடனே அழுங்கள்' என்று அதே பவுல் ரோமர் 12:15-இல் எழுதியதை மறந்துவிடுகிறார்கள். லாசருவின் கல்லறையில் இயேசு கண்ணீர் விட்டார் (யோவான் 11:35). ஆறு வசனம் தள்ளி, 'பிதாவே, நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்' என்கிறார். அழுகை முதலில் வந்தது. தான் இன்னும் சில நிமிடங்களில் அவனை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் அழுதார்.

சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். அவற்றில் பல, கடைசியில் எப்படியோ துதியில் வந்து நிற்கும். 88-ஆம் சங்கீதம் அப்படியும் நிற்பதில்லை, இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதையும் யாரோ ஜெபமாக எழுதி, யாரோ ஆராதனைப் புத்தகத்தில் சேர்த்தும் வைத்திருக்கிறார்கள். நீங்கள் இன்று அந்தச் சங்கீதத்தை மட்டும் வாசித்துவிட்டுப் படுத்தால் அதுவும் ஜெபம்தான்.

அத்திமரம் துளிர்க்காமல், திராட்சச்செடியில் பழமில்லாமல், தொழுவத்தில் மாடில்லாமல் போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்று ஆபகூக் சொல்லும் இடத்துக்கு (3:17-18) சிலர் வந்து சேர்கிறார்கள். அதற்கு முன் அவர் இரண்டு அதிகாரம் முழுக்க தேவனோடு வாதாடியிருக்கிறார். அந்த இரண்டு அதிகாரத்தைத் தாண்டிக் குதித்து யாரும் மூன்றாவதுக்குப் போக முடியாது. ஜெர்மனியில் ஐலன்பர்க் நகரத்துப் போதகர் மார்ட்டின் ரிங்கார்ட், முப்பதாண்டுப் போரின் நடுவே, 1637-இல் கொள்ளைநோய் வந்தபோது ஆயிரக்கணக்கானவர்களை அடக்கம் செய்தார். தன் மனைவியையும் அதே ஆண்டில்தான் புதைத்தார். இன்றும் உலகமெங்கும் பாடப்படும் நன்றிப் பாட்டு ஒன்று அவர் அந்தப் போர்க்காலத்தில் எழுதியது, பிள்ளைகள் சாப்பாட்டு வேளையில் பாடுவதற்காக எழுதினார் என்பார்கள். துக்கம் இல்லாததால் வந்த பாட்டு அல்ல அது. அதற்காக, 'ரிங்கார்டால் முடிந்தது, உன்னால் ஏன் முடியாது' என்று யாராவது உங்களிடம் கேட்டால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

நம்மைவிடக் கஷ்டப்படுகிறவர்களைப் பார்த்து 'நமக்கு இவ்வளவாவது இருக்கிறதே' என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

கவனமாக இருங்கள். 'நான் மற்ற மனுஷரைப்போல இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்' என்பதும் ஒரு நன்றி ஜெபம்தான். அதைச் சொன்னவன் லூக்கா 18-இல் வரும் பரிசேயன். அடுத்தவரின் கஷ்டத்தை நம் நன்றிக்குப் பின்னணிப் படமாக மாட்டக் கூடாது. பிள்ளை ஏழ்மையைப் பார்த்தால், 'நமக்கு அப்படி இல்லை' என்று முடிப்பதற்குப் பதிலாக 'நாம் என்ன கொடுக்கலாம்?' என்று கேளுங்கள்.

என் துணைக்கு விசுவாசம் இல்லை. நான் மட்டும் ஜெபிக்கும் வீட்டில் இதெல்லாம் நடக்குமா?

பவுலின் உடன் ஊழியனான தீமோத்தேயுவின் வீடு அப்படிப்பட்டதுதான். தாய் விசுவாசமுள்ள யூத ஸ்திரீ, தகப்பன் கிரேக்கன் (அப்போஸ்தலர் 16:1). பிள்ளையின் விசுவாசத்தைப் பற்றிப் பேசும்போது பவுல் நினைவுகூர்வது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும்தான் (2 தீமோத்தேயு 1:5).

துணையை மாற்றுவதற்கான திட்டமாகக் குடும்ப ஜெபத்தை வைக்காதீர்கள். 'எங்க வீட்டுக்காரருக்கு மனக்கண்ணைத் திறந்தருளும்' என்று அவர் காதில் விழும்படி ஜெபிப்பது ஜெபமே இல்லை, சுற்றி வளைத்துத் திட்டுவது. போதனையின்றி நடக்கையினாலே ஆதாயப்படுத்தலாம் என்று 1 பேதுரு 3:1 சொல்கிறது. அவர் செய்யும் நல்லதற்கு நேரிலேயே நன்றி சொல்லுங்கள். அதில் அவருக்கும் ஒரு மறுப்பும் இருக்காது.

சண்டை போட்ட அன்றைக்கும் குடும்ப ஜெபம் நடத்தலாமா? வேஷம் போடுவது போல இருக்கிறது.

காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய் சகோதரனோடு ஒப்புரவாகு என்றார் இயேசு (மத்தேயு 5:23-24). அதனால் அன்றைக்குப் பாட்டும் வசனமும் பிறகு. பிள்ளைகள் முன்னால் சத்தம் போட்டிருந்தால், பிள்ளைகள் முன்னாலேயே மன்னிப்புக் கேளுங்கள். 'கத்தினது தப்பு, மன்னிச்சிரு' என்றால் போதும். 'ஆனா நீயும்தான்...' என்று அதோடு வால் ஒட்டக் கூடாது. தகப்பன் ஒருமுறை இப்படிக் கேட்பதைப் பார்த்த பிள்ளைக்கு மனந்திரும்புதலைப் பற்றி ஞாயிறு பள்ளியில் தனியாக விளக்க வேண்டியிருக்காது. அடி, மிரட்டல் நடக்கும் வீடு என்றால் விஷயமே வேறு. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. மன்னிப்பு என்ற பெயரில் அதை மூடி மறைக்கவோ பொறுத்துக்கொள்ளவோ தேவையில்லை.

நன்றி நோட்டு எழுதச் சொல்கிறார்கள். அது உளவியல் பயிற்சிதானே? அதில் கிறிஸ்தவம் எங்கே வருகிறது?

ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வாரம் ஒருமுறை, பத்து வாரம், நன்றிக்குரிய விஷயங்களை எழுதியவர்கள், எரிச்சலூட்டியவற்றை எழுதியவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லவிதமாக உணர்ந்தார்கள். ஆக, பழக்கத்தில் பலன் உண்டு. தினமும்தான் எழுத வேண்டும் என்பதும் இல்லை.

கிறிஸ்தவருக்கு இதில் கூடுதலாக இருப்பது, நன்றியைப் பெற்றுக்கொள்ள எதிரில் ஒருவர் இருக்கிறார் என்பது. குணமான பத்துக் குஷ்டரோகிகளுக்கும் சந்தோஷம் இருந்திருக்கும். திரும்பி வந்து இயேசுவின் காலில் விழுந்தது ஒருவன், அவனும் யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியன் (லூக்கா 17). நோட்டில் எழுதுவதை அவரிடம் வாய்விட்டுச் சொன்னால் அது ஜெபமாகிறது. 16-ஆம் நூற்றாண்டில் லொயோலா இஞ்ஞாசியார் கற்றுக்கொடுத்த ஆன்மச் சோதனையும், பாவங்களை எண்ணுவதற்கு முன்னால், பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்லித்தான் தொடங்குகிறது. இரவில் குற்றப்பட்டியலோடு ஆரம்பித்துத் தூக்கம் கெடுபவர்கள் இந்த வரிசையைப் பின்பற்றிப் பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் என்கிறோம். எனக்கோ அன்றுதான் வேலை அதிகம்.

ஆராதனைக்கு எல்லோரையும் கிளப்பி, வந்ததும் சமைத்து, விருந்தாளிகளை உபசரித்து, மாலையில் பாத்திரம் தேய்க்கிறவருக்கு அது ஓய்வுநாள் அல்ல. உபாகமம் 5:14 ஓய்வுநாளுக்குச் சொல்லும் நோக்கத்தைக் கவனியுங்கள்: உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும். மாட்டையும் கழுதையையும்கூட விடவில்லை. வீட்டில் ஒருவர் மட்டும் இளைப்பாறாமல் இருக்கும் ஓய்வுநாளில் கட்டளை நிறைவேறவில்லை. முந்தின நாளே சமைத்து வைப்பது, அன்று எளிமையாகச் சாப்பிடுவது, பாத்திரத்தை ஆண்பிள்ளைகள் கழுவுவது என்று எதையாவது இந்த வாரமே பேசி முடிவு செய்யுங்கள். முடிவு செய்யும்போது சமைப்பவரும் கூட உட்கார்ந்திருக்கட்டும்.

ஜெப நேரத்தில் கைபேசியில் வேதம் வாசிக்கலாமா?

வாசிக்கலாம். அறிவிப்புச் சத்தத்தை அணைத்துவிட்டு.

ஒருவருக்குப் பகல் வேலை, ஒருவருக்கு இரவு வேலை, மகன் விடுதியில். எல்லோரும் சேர்ந்து ஜெபிக்கும் வேளையே இல்லை.

தினமும் எல்லோரும் ஒன்றாக இருந்தாக வேண்டும் என்ற கட்டளை வேதத்தில் எங்கும் இல்லை. வாரத்தில் ஒரு வேளையைக் குறித்துக்கொண்டு அதை மட்டும் விடாமல் காப்பாற்றுங்கள். மற்ற நாட்களில் இருவர் இருந்தால் இருவர். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வசனப் படங்களை அனுப்பிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக, இரவில் ஆளுக்கு ஒரு வரி எழுதலாம்: இன்று எதற்கு நன்றி, நாளைக்கு எதற்கு ஜெபம் வேண்டும். விடுதியில் இருக்கும் பையன் முதல் இரண்டு வாரம் கட்டைவிரல் படத்தை மட்டும் போடுவான். ஏன் எழுதவில்லை என்று கேட்காதீர்கள். அவனுடைய தேர்வுத் தேதியைக் கேட்டு வைத்துக்கொண்டு, அன்று காலையில் கூப்பிட்டு, போனிலேயே அவனுக்காக அரை நிமிடம் ஜெபித்துவிட்டு வையுங்கள்.